குட்டி டாஃபோடில் கிழங்கு வாங்குவோர் கவனத்துக்கு: 140 யூரோ போனது

மொராக்கோவின் உயர் அட்லஸ் மலைகளில் வளரும் நார்சிசஸ் வாட்டியரி என்ற குட்டி டாஃபோடில் இனம் என்று சொல்லி, இணையச் சந்தைத் தளம் ஒன்றின் வழியாக எனக்கு 140 யூரோவுக்கு விற்கப்பட்ட கிழங்குகள் இந்த வாரம் பூத்துள்ளன, அத்தனையும் மஞ்சள். வாட்டியரி காம்புக்கு ஒரே பூவை, அதுவும் தூய வெள்ளைப் பூவை விடும் இனம். என் தொட்டியில் நிற்பதோ காம்புக்கு இரண்டு மூன்று மஞ்சள் பூக்களைத் தாங்கும், எங்கும் மலிவாகக் கிடைக்கும் 'டெட் அ டெட்' கலப்பினம்.

பணம் செலுத்துமுன் நான் கேட்ட முதல் கேள்வியே, இவை காட்டில் தோண்டப்பட்டவையா என்பதுதான். "இல்லை, நானே விதையிட்டு வளர்த்தவை" என்று எழுதிய விற்பனையாளர், விதைத்த ஆண்டு குறித்த பெயர்ச்சீட்டு செருகிய தொட்டியின் படத்தையும் உடனே அனுப்பினார். விதையிலிருந்து பூவைக் காணப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் அந்த விலை நியாயமாகவே பட்டது. அரிய இனங்கள் காட்டிலேயே பிழைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களை அந்த ஒரு வரி நம்பவைத்துவிடும். அதை அறிந்தே அவர் எழுதியிருக்கிறார் என்பதை நினைக்க நினைக்கக் கொதிக்கிறது.

பூக்களின் படங்களை அனுப்பியபோது, "முதல் ஆண்டில் நிறம் மாறலாம், அடுத்த ஆண்டு பாருங்கள்" என்றார். வெள்ளை இனம் இடம் மாறியதால் மஞ்சளாகிவிடாது என்று எழுதினேன். அதன் பிறகு பதிலே இல்லை. தளத்தின் வாடிக்கையாளர் பிரிவோ, பொருள் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. கோடையின் இறுதியில், ஓய்வில் இருக்கும்போது விற்கப்படும் கிழங்கு, குளிர்காலம் கடந்து பூத்தால்தான் தன் இனத்தைக் காட்டும். அதற்குள் எந்த 30 நாள் கெடுவும் முடிந்துவிடும். இந்த இடைவெளியில்தான் என் 140 யூரோ மறைந்தது, அந்த விற்பனையாளரின் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது.

விரிவான ஆலோசனை எழுதும் மனநிலையில் நான் இல்லை. பூத்த பின் இனம் வேறாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். பெயர்ச்சீட்டுப் படத்தை ஆதாரமாக ஏற்காதீர்கள். அதே தொட்டி பூத்திருக்கும் படத்தைக் கேளுங்கள். வாட்டியரியின் கிழங்கு சிறியது. பெருத்த கிழங்குகள் வந்தால் நடாமல் அன்றே புகார் செய்யுங்கள்.