பென்னாகரம் ரோட்டு ஜெராக்ஸ் கடை: ஐந்துக்கு நான்கு

எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து பைண்டிங் போட, தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். குறையும் சொல்லப்போவதால் கடைப் பெயர் வேண்டாம். டீக்கடையை ஒட்டி, பச்சை போர்டு.

என் தலைப்பு, மீக்கடத்திச் சுற்றை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் சுற்று) வைத்து ஒற்றை மைக்ரோவேவ் ஃபோட்டானை, அதாவது மைக்ரோவேவின் ஒரே ஒரு துகளைக் கண்டறிவது. பென்டிரைவைச் செருகி வேர்டு ஃபைலைத் திறந்தால், சமன்பாடுகளில் எச்-பார் (ħ, ஃபோட்டானின் ஆற்றலைக் கணக்கிட உதவும் மாறிலியின் குறி) இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். போச்சு, என் ஃபோட்டானின் ஆற்றலையே காணோம்! ஏற்கெனவே 5 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானுக்கு இருக்கும் ஆற்றல், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானில் சுமார் லட்சத்தில் ஒரு பங்குதான். அறை வெப்பத்தில் அதே அலைவரிசையில் ஆயிரத்துக்கு மேல் ஃபோட்டான்கள் சும்மாவே மொய்க்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்றை எங்கே தேடுவது? அதனால்தான் சுற்றை 20 மில்லிகெல்வின் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கிறார்கள்.

“வேர்டுல கொண்டாந்தா இப்படித்தாம்மா, பிடிஎஃப்பா கொண்டாங்க” என்றார் கடைக்காரர், சலித்துக்கொள்ளாமல். தம்பிக்குப் போன் போட்டு, வீட்டு லேப்டாப்பில் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன்.

நான்கு ஸ்டாரும் 41-ஆம் பக்கத்துக்காக. ஃபோட்டான் வந்து விழுந்தால், சுற்றில் இருக்கும் கியூபிட் (இரண்டு ஆற்றல் நிலைகளை வைத்து வேலை செய்யும் குவாண்டம் பாகம்) கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தாவும். அப்புறம் இன்னொரு மைக்ரோவேவ் சிக்னலை அனுப்பி, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்து எந்த நிலை என்று படிப்பார்கள். ஒரு தடவை படித்தால், அந்தப் பக்கத்து வரைபடத்தில் ஒரு புள்ளி. ஃபோட்டான் வரவில்லை என்றால் நீலத் திட்டில், வந்தது என்றால் சிவப்புத் திட்டில் விழும். நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த கணக்கு இது. காசை மிச்சம் பிடிக்க எல்லாமே கறுப்பு வெள்ளை என்று சொல்லியிருந்தேன். மெஷினில் நின்ற பையன் தாளைத் தூக்கிக் காட்டினான்: “அக்கா, ரெண்டு உருண்டையும் ஒரே சாம்பலாத் தெரியுது, பரவாயில்லையா?” அந்தப் பக்கம் மட்டும் கலர், 10 ரூபாய்.

குறை பைண்டிங்கில். மீக்கடத்திச் சுற்று ஆய்வுக்காக 2025-ல் நோபல் வாங்கிய கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் பற்றி ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லிக் கடைசி நேரத்தில் கைடு போன் செய்தார். அவசரத்தில் செருகியதில் மூவரும் தலைகீழ்! வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மறுநாள் ஸ்பைரலைக் கழற்றிச் சரியாக மாட்டித் தந்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள், ஒரு ஸ்டூல்கூட இல்லை.