"மிஸ்ஸிங்" என்று காரை விட்டால் பழைய பிளக்கைக் கையில் வாங்காமல் வராதீர்கள்

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் வழியில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. முன் சீட்டில் மாமனார், பின்னால் மனைவியும் பிள்ளைகளும். இரண்டாவது கியரில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை, குலுங்குகிறது. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி நிற்கிறது. முந்தின நாள் மாலைதான் "எல்லாம் சரி பண்ணியாச்சு சார், தைரியமா மலை ஏறுங்க" என்று சொல்லி என்னிடம் 7,580 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது.

வண்டி 2018 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல். கோவையில் ஐந்து வருடமாக ஒரே இடத்தில்தான் சர்வீஸ் விட்டேன். இந்த முறை, "எஞ்சின் ரூம் ரொம்பத் தூசியா இருக்கு, வாட்டர் வாஷ் பண்ணிடலாம்" என்றார்கள். சரி என்றேன். மூன்றாம் நாள் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. திரும்பப் போனேன். ஸ்கேன் போட்டார்கள், பி0302 என்ற எர்ரர் கோட் வந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. "மிஸ்ஸிங்" என்று சொல்வது இதைத்தான். உடனே நாலு இரிடியம் ஸ்பார்க் பிளக் (சிலிண்டருக்குள் தீப்பொறி போடும் பாகம்) மாற்றினோம், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங் செய்தோம் என்று பில் நீண்டது. பழைய பிளக் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்து வருடப் பழக்கம்.

மலையிலிருந்து பாதியில் திரும்பி, ஆழியாறு வந்ததும் பட்டறைக்குப் போன் செய்தேன். "பெட்ரோல் சரியில்லாம இருக்கும் சார். அப்படியே ஓட்டுங்க, ரெண்டு நாள்ல லைட் தானா போயிடும்" என்றார் அங்கே சர்வீஸைக் கவனிக்கிறவர். அதை நம்பிப் பன்னிரண்டு நாள் ஆபீசுக்கு ஓட்டினேன். எனக்கு நடந்ததிலேயே பெரிய நஷ்டம் இதுதான்.

அந்த விளக்கு நிலையாக எரிந்தால், சீக்கிரம் காட்டுங்கள் என்று அர்த்தம். விட்டு விட்டு எரிந்தால், ஓரமாக நிறுத்துங்கள் என்று அர்த்தம். தீப்பொறி விழாத சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது. அங்கே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும் பீங்கான் கட்டை அது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பதால் விலையும் அதிகம். அளவுக்கு மீறிய சூட்டில் அந்தக் கண்கள் உருகி அடைத்துக்கொள்ளும். பட்டறைக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

மூன்றாம் முறை போனபோது, "ஈசிஎம் போயிடுச்சு, 38,000 ஆகும்" என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். ஈசிஎம் என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். எப்படித் தெரியும் என்றேன். "ஸ்கேனர் காட்டுது" என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான் சொல்லி, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் ஸ்கேனரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது சிலிண்டர்னு மட்டுந்தாங்க இது சொல்லும். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரான்னு நாமதான் பாக்கோணும்." காயில் என்பது பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பாகம். க்ராங்க் என்பது எஞ்சினுக்குள் சுழலும் தண்டு. அதன் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் எரிந்து அதைத் தள்ளிவிட வேண்டும். தள்ளு கிடைக்காத அந்தக் கணத்தில் க்ராங்க் கொஞ்சம் மந்தமாகும். அதை சென்சார் கவனித்து எந்த சிலிண்டர் என்று கணக்குப் போடுகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிவது அவ்வளவுதான் என்று அவர் விளக்கியபோது, நான் எந்த நம்பிக்கையில் 7,580 கொடுத்தேன் என்று வயிறு எரிந்தது.

எஞ்சின் ஆறியதும் இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் நாலாவதின் காயிலையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். ஆளுக்கு ஒரு போல்ட், ஒரு கப்ளர், அவ்வளவு வேலைதான். பழைய எர்ரர் கோட்-ஐ அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். சில நிமிடத்தில் பி0304 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. காயில் ரப்பரின் மேல் கறுப்பாக ஒரு கோடு, பிளக் குழிக்குள் துருப்பிடித்த தண்ணீர்த் தடம். வாஷ் பண்ணிய தண்ணீர் அந்தக் குழியில் தேங்கி, மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றியதும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி மாதிரி மெல்லியதாக இருக்கும். என் வண்டியில் இருந்த நாலும் தடித்த முனையுள்ள சாதாரண பிளக். ஓரங்கள் தேய்ந்து உருண்டு போயிருந்தன. அதாவது ஒன்றைக்கூட மாற்றவில்லை. கழற்றும்போதே வீடியோ எடுத்துக்கொண்டேன். ஒரு காயில், நாலு பிளக், கூலி எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 3,150. பழைய காயிலையும் பிளக்கையும் கேட்காமலே பையில் போட்டுக் கொடுத்தார்.

நடுக்கம் அன்றே நின்றது. ஆனால் ஒரு மாதத்தில் பி0420 வந்தது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற எர்ரர் கோட். புதிதுக்கு விலை விசாரித்தால் அரை லட்சத்தைத் தாண்டுகிறது.

வீடியோவைக் காட்டியதும் முதல் பட்டறை பிளக் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தது, "பையன் மறந்துட்டான்" என்று. கன்வெர்ட்டருக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் வண்டி மிஸ்ஸிங் ஆனால், எர்ரர் கோட்-ஐ அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள். எந்தப் பொருளையும் மாற்றச் சம்மதிக்கும் முன், "காயிலை இடம் மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். எர்ரர் கோட் வேறு சிலிண்டருக்கு நகரவில்லை என்றால் பிளக்கை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். ஈசிஎம் பேச்சு கடைசியில்தான் வர வேண்டும். எஞ்சின் ரூமுக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க விடவே வேண்டாம்.

அந்த நாலு பிளக்கும் காயிலும் பில்லோடு சேர்த்து ஒரு கவரில் இருக்கின்றன. ஆணையத்தில் கேட்டால் அப்படியே கொடுத்துவிடுவேன்.