பினாங்கு வெயிலுக்கு ஜாகுவார் தாங்குமா? 1985 சொவரின் 4.2 பற்றி

பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "சாமான்லாம் கிடைக்குதாண்ணே?" கிடைக்கிறது. பிரிட்டனிலிருந்து வால்வு முதல் வாசல் ரப்பர் வரை தாராளமாக வரவழைக்கலாம். ஆனால் இந்தக் காரை வாங்க நினைப்பவர் விற்பவரிடம் முதலில் விசாரிக்க வேண்டியது வேறு: "இத்தனை வருஷமா ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்துனீங்க?" நம் ஊரில் இந்த வண்டி நல்ல வண்டியா, தலைவலியா என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

என்னிடம் இருப்பது 1985-ஆம் ஆண்டு ஜாகுவார் சொவரின், 4.2 லிட்டர், கரும்பச்சை. பினாங்குப் பாலம் திறந்ததும், ஜாகுவாரை வளர்த்தெடுத்த வில்லியம் லயன்ஸ் காலமானதும் அதே வருஷம்தான். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். தினசரி வேலைக்கு மைவி என்கிற சின்னக் கார் இருக்கிறது. கோயில், கல்யாணம், ஈப்போவில் இருக்கும் தங்கை வீடு, ஞாயிற்றுக்கிழமை தீவைச் சுற்றி ஒரு வலம், இதற்கெல்லாம் ஜாகுவார்.

வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. சொவரின் என்பது ஜாகுவார் எக்ஸ்ஜே6 மாடலின் சொகுசு வகை. எக்ஸ்ஜே6 முதலில் வந்தது 1968-இல். 1979-இல் சீரிஸ் 3 வந்தபோது இத்தாலியின் பினின்ஃபாரினா வடிவமைப்பு நிறுவனத்தார் கூரையைத் திருத்திக் கொடுத்தார்கள். கண்ணாடி அகலமானது, பின்பக்கம் தலை இடிக்காமல் உட்கார முடிந்தது. எழுபதுகளின் கடைசியில் வந்த வண்டிகளுக்குத் தரத்தில் கெட்ட பெயர் உண்டு. 1980-இல் ஜான் ஈகன் தலைமைக்கு வந்த பிறகுதான் அது சீரானது. ஜாகுவாரின் துணைப் பிராண்டான டெய்ம்லர் கார்களுக்கு இருந்த சொவரின் என்கிற பெயரை ஜாகுவாருக்கு மாற்றியது 1983-இல். ஆகவே சீரிஸ் 3 தேடுகிறீர்கள் என்றால் 1983-க்குப் பிந்தியதாகப் பாருங்கள். எஞ்சின் வம்சம் இன்னும் பழையது. எக்ஸ்கே120 காரில் 1948-இல் அறிமுகமான அதே ஆறு சிலிண்டர் வடிவம்தான் 4,235 சிசியாக வளர்ந்து இதில் இருக்கிறது.

ஓட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இத்தனை செலவும் அதற்காகத்தான்.

ஜெலுத்தோங் பக்கம் சாலையைத் தோண்டுவதும் மூடுவதுமாகவே இருப்பார்கள். மூடிய இடம் மேடாக நிற்கும், பக்கத்திலேயே இன்னொரு குழி விழும். மைவியில் ஒவ்வொன்றும் முதுகுக்குத் தெரியும். ஜாகுவாரில் சக்கரம் இறங்குவது "தொம்" என்று எங்கோ கீழே கேட்கும், உடம்புக்கு வந்து சேராது. முன்சக்கர, பின்சக்கர அமைப்புகளைத் தனித்தனிச் சட்டங்களில் பொருத்தி, அந்தச் சட்டங்களை ரப்பர் வைத்து வண்டியின் உடம்போடு மாட்டியிருக்கிறார்கள். பின்னால் மட்டும் நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், பக்கத்துக்கு இரண்டாக. அந்த ரப்பர்கள் புதிதாக இருக்கும்வரை இந்த வண்டியின் சொகுசுக்கு இணையாக இன்றைய கார்களில் நான் உட்கார்ந்ததில்லை.

நெடுஞ்சாலையில் அதன் குணமே வேறு. ஈப்போவுக்குப் போகும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தின ஏற்றத்தில் லோரிகள் இடதுபக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். சொவரின் அங்கே சத்தம் போடாது. மூன்றே கியர் உள்ள ஆட்டோமெட்டிக், சுமார் 200 குதிரைத்திறன், எடையோ 1.8 டன், விருட்டென்று பாயும் வண்டி இல்லை. ஆனால் பெடலைக் கொஞ்சம் அழுத்தினால் ஏற்றம் இருப்பதையே மறந்துவிட்டு ஏறும்.

அப்பா ஒரு காலத்தில் ஒரு கம்பெனி துரைக்கு டிரைவராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க முன்சீட்டுதான். அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். தைப்பிங் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். எழுந்ததும், "தொர ஏன்டா எப்ப பாத்தாலும் தூங்குனாருன்னு இப்பதான் தெரியுது" என்றார்.

இனி வெப்பம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த எஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சூடான தண்ணீர் ஓடினால் அரிப்பு வரும். அதைத் தடுக்கும் மருந்து கூலன்டுக்குள் இருக்கிறது. நம் ஊரிலோ, "இங்க என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று சொல்லிக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய பழக்கம் பலருக்கும் உண்டு. பனிக்காக மட்டும் ஊற்றுவதில்லை அதை. கொதிநிலையை உயர்த்துவதற்கும் துரு பிடிக்காமல் இருப்பதற்கும் அது வேண்டும். இரண்டுமே பனி நாட்டைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

குழாய்த் தண்ணீரில் வருஷக்கணக்காக ஓடினால் என்ன ஆகும் என்பதை ஜெலுத்தோங்கில் என் வண்டியைப் பார்க்கும் சீன மெக்கானிக் எனக்குக் கண்ணால் காட்டினார். எஞ்சின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு தகடு மூடி இருக்கும். பின்கோடியில், ஆறாவது சிலிண்டர் பக்கம் இருப்பதைத் தட்டிக் கழற்றினார். தண்ணீர் வரவில்லை. ஸ்குரூடிரைவரால் குத்திய பிறகு, கோப்பிக்கடைத் துணி வடிகட்டியின் அடியில் தங்கும் மண்டி மாதிரி கரும்பழுப்பாக ஏதோ வழிந்தது. அத்தனையும் துரு. தண்ணீர் ஓட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொண்டிருந்தால் கடைசி சிலிண்டர் எப்படிக் குளிரும்? "பாஸ், இந்த வண்டி சூடாவுதுன்னு எல்லாரும் சொல்றான். இப்ப பாத்தியா, யாரு தப்பு?" என்று மண்டியைத் துணியில் துடைத்துக் காட்டினார்.

இன்னொரு விஷயமும் உண்டு. எழுபதுகளிலிருந்து வந்த 4.2 எஞ்சின்களில் தலைப்பகுதியைப் பூட்டும் நீளமான போல்ட்டுகள் தண்ணீர் ஓடும் அறைக்குள்ளேயே கீழ்வரை இறங்கும். துரு அவற்றையும் தின்னும். கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்று தலையைக் கழற்றப் போனால் போல்ட் உள்ளேயே முறிந்துபோகும் அபாயம் உண்டு. அப்புறம் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். எஞ்சின் உட்புறத்தை மண்டி போகும்வரை கழுவினோம். ரேடியேட்டரைக் கழற்றி உள்பாகத்தை முழுக்கப் புதிதாக, கூடுதல் வரிசைக் குழாய் வைத்துச் செய்து வாங்கினேன். எல்லா ஹோஸும் புதிது. தெர்மோஸ்டாட் புதிது. எஞ்சினோடு சுற்றும் விசிறியின் கப்ளிங் உள்ளே சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அது காய்ந்திருந்தால் விசிறி சும்மா சுற்றும், காற்றை இழுக்காது. அதையும் மாற்றினேன். ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் நிற்கும் ஏர்கோன் கண்டென்சருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியில் காய்ந்த இலை, பூச்சி, பிளாஸ்டிக் எல்லாம் தேங்கியிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ரேடியேட்டர் ஓரங்களில் இருக்க வேண்டிய ஸ்பாஞ்சுப் பட்டைகளும் காணோம். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும். பத்து ரிங்கிட் சாமான், ஆனால் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இறங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. பள்ளி விடுமுறையில் பாலத்து மேலே ஜேமில் மாட்டி, ஏர்கோனும் ஓடிக்கொண்டிருக்க, முள் நடுக்கோட்டைத் தாண்டியதில்லை.

ஏர்கோனைப் பற்றி. அந்தக் காலத்து வண்டி ஆர்12 வாயுவுக்காகச் செய்தது. ஓசோன் படலத்துக்காக 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வாயு படிப்படியாக நின்றுபோனது. பழைய ஹோஸிலேயே ஆர்134ஏ அடைத்துக் கொடுத்த ஒரு கடை என் காசை வாங்கிக்கொண்டது, மாதம் திரும்புவதற்குள் கேஸ் போய்விட்டது. ஹோஸ், டிரையர், கண்டென்சர் மூன்றையும் மாற்றாமல் வாயுவை மட்டும் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். முறையாகச் செய்த பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கும் பின்சீட்டில் குளிர்கிறது.

ஒயரிங் என் தொழில், அதனால் இதில் எனக்குச் சொந்தக் கருத்து உண்டு. பிரிட்டிஷ் கார் என்றாலே மின்சாரக் கோளாறு என்று கேலி செய்வார்கள். என் வண்டியில் இடது சிக்னல் போட்டால் டேஷ்போர்டு விளக்கு கூடவே மினுக்கியது. ஒவ்வொரு எர்த் இணைப்பாகத் தேடிப்போனால், ஒரு போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. வண்டி முன்பு தஞ்சோங் பூங்கா கடலோரத்தில் நின்றது, உப்புக் காற்று. எல்லா எர்த் போல்ட்டுகளையும் கழற்றித் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினேன். ஃபியூஸ் பெட்டிக்கும் அதே வைத்தியம். அதோடு அந்தக் கதை முடிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று பெட்ரோல் டேங்க். இரண்டு இருக்கிறது, பின்பக்கம் இடது வலது இறக்கைகளுக்குள் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டுப் பகுதி) ஒவ்வொன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 48 லிட்டர். ஒன்று தீர்ந்தால் உள்ளே பொத்தானை அழுத்தினால் அடுத்ததற்கு மாறும். பெட்ரோல் முள் சட்டென்று எழும்பி அந்த டேங்கின் அளவைக் காட்டும். மூடிகள் இறக்கையின் மேல்பகுதியில் குரோம் தகட்டுக்கு அடியில் இருக்கின்றன. மழைத் தண்ணீர் அங்கே இறங்கினால் வடிவதற்கு மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி, டேங்கிற்குள் இறங்கி, அடியில் துரு பிடிக்கும். நம் மழைக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டியது. ஒரு கோப்பைத் தண்ணீரை மூடிப் பள்ளத்தில் ஊற்றுங்கள். உடனே வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும்.

பின் பிரேக் டிஸ்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபெரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சொகுசுக்கு நல்லது, பட்டறைக்குக் கஷ்டம். அங்குள்ள சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்க் மேல் விழும். டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் பின் சட்டத்தையே இறக்க வேண்டியிருக்கும். ஆகவே வாங்கும் முன் தூக்கி நிறுத்தி அடியில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அப்படியே பின்சக்கரங்களுக்கு முன்னால், அவற்றைப் பிடித்திருக்கும் நீளக் கைகள் வண்டியின் உடம்போடு சேரும் இடத்திலும் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பு அங்கே எட்டாது.

உள்ளே வால்நட் மரப் பலகையும் கோனோலி தோலும் இன்றைக்கும் அழகு. கூரைத் துணிக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு நம் ஈரப்பதத்தில் பொடியாகித் துணி தொங்கிவிடும். குஷன் கடையில் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். மரத்தின் வார்னிஷ் வெயிலில் வெடிக்கும், நிழலில் நிறுத்துங்கள். வண்டி தாழ்வு. குயின் தெரு மாரியம்மன் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மணமக்களை இதில்தான் கொண்டுபோய் இறக்கினேன். கூட வந்த அத்தை பட்டுச்சேலையோடு உள்ளே இறங்கச் சிரமப்பட்டார், வெளியே வர இரண்டு பேர் கை கொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகு மட்டும், "இதுலயே வீட்டுக்குப் போயிரலாம்ப்பா, மண்டபம் எதுக்கு?" என்றார்.

செலவு: நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டருக்குக் குறையாது, நான் 97 ரோன் (ஆக்டேன் அளவு) பெட்ரோல்தான் போடுகிறேன். ரோட் டேக்ஸ் சாதாரணக் கணக்கில், அடிப்படைத் தொகைக்கு மேல், 3,000 சிசியைத் தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட் ஏறும். 4,235 சிசிக்கு 7,600 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். பழைய வண்டிகளுக்கான சலுகை உங்களுக்குப் பொருந்துமா என்று வாங்கும் முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிந்துரைப்பேனா? பரிந்துரைப்பேன். வீட்டில் ஒரே கார் இதுதான் என்றால் மட்டும் வேண்டாம். விற்கிறவரை மத்தியானத்தில் சந்தியுங்கள், காலையில் போகாதீர்கள். முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவுக்கு ஏறி இறங்குங்கள். இறங்கியதும் எஞ்சினை அணைக்காமல், ஏர்கோனை முழுதாக வைத்து, கால் மணி நேரம் அப்படியே நிறுத்தி முள்ளைக் கவனியுங்கள். நடுக்கோட்டுக்குக் கீழேயே நின்றால் விலை பேசுங்கள். ஏறினால், ரேடியேட்டருக்கும் எஞ்சின் கழுவுவதற்கும் ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். குறைக்க மறுத்தால் வேறு வண்டி பார்க்கலாம்.