சென்னாவுக்குப் பதில் சரக்கொன்றை, கோனோகார்பஸுக்குப் பதில் என்ன? தோட்ட மரங்கள் குறித்து ஓர் ஒப்பீடு

அயல்மரங்கள் எல்லாவற்றையும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் அழகுக்காக வளர்க்கப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸும், சமவெளி நகரங்களில் பசுஞ்சுவராக நிற்கும் கோனோகார்பஸும் செய்யும் கெடுதல் ஒன்றல்ல; ஆகவே அவற்றின் இடத்தில் நட வேண்டிய மரமும் ஒன்றாக இருக்க முடியாது.

சென்னாவின் கெடுதல் விதையில் இருக்கிறது. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரம், முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு, பிலிகிரி ரங்கன் மலை ஆகிய காடுகளில் விதையால் பரவி, தன் நிழலில் புல்லும் பிற நாற்றுகளும் எழ விடாமல் செய்துவிட்டது. அதன் இலையை மேயும் விலங்குகள் விரும்பாததால் அதைக் கட்டுப்படுத்தவும் ஆளில்லை. வெட்டினால் அடிமரத்திலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். முதுமலையில் வெட்டப்பட்ட மரங்கள் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழுக்காக அனுப்பப்பட்டிருக்கின்றன. தோட்டத்துக்கு அழகு சேர்க்க வந்த ஒரு மரத்தை அகற்ற ஆலையின் துணை தேவைப்பட்டது என்பதைக் கண்டும் அதை நாற்றுப்பண்ணைகளில் வாங்குவது எனக்கு வேதனையளிக்கிறது.

சென்னாப் பூவின் அதே மஞ்சள் நிறத்தைச் சரக்கொன்றை தருகிறது. சென்னாவின் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். கொன்றையின் கொத்தோ சரம் சரமாகத் தொங்கும், சித்திரை வெயிலில் இலையுதிர்ந்த கிளைகளில் அது பூத்திருக்கும் அழகுக்குச் சென்னா ஈடாகாது என்பதே என் கருத்து. கொன்றையிலை வெளிர்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு உணவாகிறது. குறைகளும் உண்டு: விதையின் மேல்தோல் கடினமாதலால் எளிதில் முளைக்காது, நாற்று பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும், நீண்ட காய்களுக்குள் இருக்கும் கரிய சதை பேதியை உண்டாக்குவதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் விழுந்த காய்களைப் பொறுக்கி அகற்ற வேண்டும். இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகளே.

கோனோகார்பஸ் விஷயம் வேறு. அதன் மீதான புகார், குழாய்களையும் கழிவுநீர்ப் பாதைகளையும் துளைக்கும் வேர்களும், ஒவ்வாமையைத் தூண்டும் மகரந்தமும் ஆகும். குஜராத் 2023-இலும் தமிழ்நாடு 2025-இலும் அதை நடுவதற்குத் தடை விதித்தன. மக்கள் அதை விரும்பியதற்குக் காரணம் வேகம். குறைந்த காலத்தில் அடர்ந்த மறைப்பு கிடைத்தது. அந்த வேகத்தை எந்த நாட்டு மரமும் தராது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

புங்கன் நிழலுக்கு ஏற்றது, வறட்சியையும் உப்பு மண்ணையும் ஓரளவு தாங்கும், மண்ணில் தழைச்சத்தை நிலைநிறுத்தும். எனினும் அதன் தலை அகலமாகப் பரவுவதால், மதிலை ஒட்டிய குறுகிய கீற்றுக்கு அது பொருந்தாது. அங்கே தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட நெட்டிலிங்கமே சரி. அதன் பழங்களைக் குயில்களும் வௌவால்களும் உண்ணும். பிறர் பார்வையை மறைப்பதுதான் நோக்கம் என்றால் நெட்டிலிங்கத்தையும், முற்றத்து வெப்பம் தணிய வேண்டும் என்றால் புங்கனையும் தேர்ந்தெடுப்பேன்.

செந்நிறப் பூவுக்காக ஆப்பிரிக்க டியூலிப் மரத்தை வைத்திருப்போர் கல்யாண முருங்கையை எண்ணிப் பார்க்கலாம். முள்ளும் எளிதில் முறியும் கிளையும் அதற்கு உண்டு என்பதால், நடைபாதையை விட்டுத் தள்ளி நட வேண்டும்.

மாற்றும் முறையும் மரத்துக்கு மரம் வேறுபடும். கோனோகார்பஸை ஒரே நாளில் வெட்டி வெயிலை உள்ளே விடத் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன் இடையிடையே நெட்டிலிங்கத்தை நட்டு, அது ஆளுயரம் தாண்டிய பிறகு பழையதைப் படிப்படியாக எடுக்கலாம். சென்னாவுக்கு அந்தப் பொறுமை கூடாது. காய் முற்றுவதற்கு முன்பே சிறு கன்றுகளை வேரோடு பிடுங்கி, பெரிய மரங்களில் அடிமரத்தின் பட்டையைத் தரைமட்டம் வரை சுற்றிலும் மிச்சமின்றி உரித்து, துளிர் வருகிறதா என்று அடுத்த மழைக்காலங்களிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.