மூன்று கிளாஸ், ஒரு கடைசி வாய்: கோதுமை பியர், ஐபிஏ, ஸ்டவுட்

பெங்களூருக்கு வந்த புதிதில் எந்த ப்ரூபப்புக்குப் (பியரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் கடை) போனாலும் நான் முதலில் கேட்பது சாம்ப்ளர்தான். மரப்பலகையில் ஐந்தாறு குட்டிக் கிளாஸ் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிடித்ததை அரை லிட்டர் சொல்வேன். அப்படிப் பிடித்தது பெரும்பாலும் ஐபிஏ, அதாவது வாசனையும் கசப்பும் தூக்கலான இந்தியா பேல் ஏல். ஆனால் பாதிக் கிளாஸ் தாண்டியதும் அலுத்துவிடும். காசு கொடுத்ததை வீணாக்க மனசு வராமல் மீதியைக் கஷாயம் மாதிரி விழுங்குவேன்.

இப்போது எங்கே போனாலும் வறுத்த பார்லியில் செய்யும் கருப்பு பியரான ஸ்டவுட்தான். "ஏன்டா டிகாக்‌ஷனைக் காசு கொடுத்துக் குடிக்கிற?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இது.

நிறம், நுரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோதுமை பியர் கலங்கலான மஞ்சள், ஐபிஏ தாமிர நிறம், ஸ்டவுட் கருப்பு. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கருப்பாக இருப்பதால் ஸ்டவுட்தான் தூக்கலான சரக்கு என்று நிறைய பேர் நம்புகிறார்கள். உண்மையில் ஐரிஷ் வகை ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4 முதல் 5 சதவீதத்துக்குள் நின்றுவிடும். அமெரிக்க ஐபிஏ 5.5-இல் தொடங்கி 7.5 வரை போகும்.

பியர் போட்டிகளில் மதிப்பெண் போடுவதற்கு அமெரிக்காவின் பிஜேசிபி அமைப்பு ஒரு தாள் வைத்திருக்கிறது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தங்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. நீதிபதி ஒரு வகையை இன்னொன்றோடு மோதவிட மாட்டார். இந்த ஸ்டவுட் ஸ்டவுட்டுக்குரிய லட்சணத்தோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். நான் அந்த விதியை மீறித்தான் இங்கே மூன்றையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கிறேன். எனக்கு வேண்டியது பதக்கம் இல்லை, ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கிளாஸ்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கோயம்புத்தூர்க்கார நண்பனோடு உட்கார்ந்தேன். மூன்றிலும் அரை லிட்டர் சொல்லி, ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். மகனுக்குப் பால் சூடு பார்க்க வாங்கிய தெர்மாமீட்டர் சட்டைப் பையில் இருந்தது. (சர்வர் முதலில் சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்துவிட்டார்.) வந்தபோது மூன்றும் 5 டிகிரி. முதல் வாயில் நாங்கள் இருவரும் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்ணில் ஐபிஏ முதலிடம், கோதுமை இரண்டு, ஸ்டவுட் கடைசி. பேசிக்கொண்டே 40 நிமிஷம் கழித்துத் திரும்ப அளந்தபோது 16 டிகிரி. கடைசி வாய்க்கும் மதிப்பெண் போட்டோம். வரிசை தலைகீழாகிவிட்டது.

காரணம் புரிந்தபின் ஆச்சரியம் போய்விட்டது. ஐபிஏவின் மாம்பழ வாசனையும் பம்பளிமாஸ் தோல் வாசனையும் ஹாப்ஸ் பூவிலுள்ள எண்ணெய்கள் தருபவை. அவை லேசில் ஆவியாகிவிடும். அதே பூ தரும் கசப்போ பியரிலேயே கரைந்து நிற்பது, எங்கேயும் போகாது. ஆகவே நேரம் ஆக ஆக வாசனை கிளம்பிப்போக, கசப்பு மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. நான் கஷாயம் என்று சொன்னது இதைத்தான். கேனில் வரும் ஐபிஏவுக்கு இதே கதை மாதக்கணக்கில் நடக்கிறது. தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்துவிடும்.

கோதுமை பியரின் ஜெர்மன் வகையான ஹெஃபவைசனில் வரும் வாழைப்பழமும் கிராம்பும் ஈஸ்ட் செய்யும் வேலை. யாரும் பழம் போடுவதில்லை. பெல்ஜியக் கோதுமை பியரான விட்பியர் வேறு. அதில் நிஜமாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். ஹூகார்டன் ஊரில் செத்துப்போயிருந்த அந்த வகையை 1960களில் மறுபடி உயிர்ப்பித்தவர் பெயர் பியேர் செலிஸ். பெயர்ப்பொருத்தம் பிரமாதம். இரண்டையும் மெனுவில் 'வீட்' என்றே போட்டுவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். இந்த வகைக்குப் பலமே நிறைய காற்றுக்குமிழிகள். அந்தக் குமிழிகள் போனதும் கனிந்து தொங்கும் ரஸ்தாளி மாதிரி ஒரு திகட்டல்தான் மிஞ்சுகிறது. வெயில் நேரத்தில், பத்து நிமிஷத்தில் குடித்து முடிப்பவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

ஸ்டவுட்டுக்கு இழக்க அதிகமில்லை. குமிழி ஏற்கெனவே கம்மி, ஹாப்ஸ் வாசனையும் பெரிதாக இல்லை. அதன் சொத்தெல்லாம் வறுத்த பார்லி. 5 டிகிரியில் அது வாயே திறக்காது. கருகல் நீர் மாதிரி இருந்ததால்தான் முதல் வாயில் கடைசி இடம். 10 டிகிரியைத் தாண்டும்போது வறுத்த காப்பிக்கொட்டை, அப்புறம் கசப்புச் சாக்லேட், அடியில் லேசாக ரொட்டி ஓரம் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. ப்ரூபப்களில் எல்லாவற்றையும் ஒரே குளிரில் ஊற்றித் தருவதால் இதற்குத்தான் அநியாயம் நடக்கிறது. நான் இப்போது வந்தவுடன் தொடுவதில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருப்பேன்.

சைடு டிஷ்ஷும் கணக்கில் வரும். சில்லி சிக்கனோடு ஐபிஏ குடித்தால் காரமும் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு நாக்கு எரியும். மட்டன் சுக்காவுக்கு ஸ்டவுட் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் மதிப்பெண் போடும்போது இரண்டும் வேண்டாம். வெறும் பிரெட் துண்டு போதும். மூன்றில் எதிலாவது வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை வந்தால், ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். கூச்சப்படாமல் மாற்றித்தரச் சொல்லுங்கள்.

ஐபிஏவுக்கு நான் முழு நியாயம் செய்தேனா என்று கேட்டால், தயக்கம்தான். நான் குடித்த கேன்களில் பாதி தூரதேசத்திலிருந்து கப்பலேறி வந்தவை. காய்ச்சிய இடத்திலேயே குடித்தவை ஏழெட்டு இருக்கும். புளிப்பு பியரை இரண்டே தடவை குடித்திருக்கிறேன், அதனால்தான் அதைப் பந்தியில் சேர்க்கவில்லை.

கோயம்புத்தூர் நண்பன் ஐபிஏ கட்சியிலிருந்து மாறவில்லை. மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு அவன் செய்த ஒரே மாற்றம், அரை லிட்டருக்குப் பதில் சின்னக் கிளாஸில் ஐபிஏ சொல்வது. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, என் ஸ்டவுட் சூடாவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான்.