கைத்தசை மாதிரி: ஓராண்டு வகுப்பறையில் வைத்துப் பார்த்தபின்

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் தசைகளைப் பற்றிய பாடத்துக்காக, உண்மையான கையின் அளவிலேயே வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் தசை மாதிரி ஒன்றைச் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கினோம். தோள் முதல் விரல் நுனி வரை உள்ள இந்த மாதிரியில் மேலடுக்குத் தசைகளைத் தனித்தனியே கழற்றி மாட்டலாம். அனுப்பும் செலவோடு சேர்த்து விலை 9,000 ரூபாயை நெருங்கியது. ஓராண்டு முழுவதும் மாணவர் கைகளில் புழங்கிய பிறகே இதைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த மாதிரியின் மிகச் சிறந்த பகுதி மேற்கைதான். மேற்கையின் முன்பக்கத்தில் உள்ள இருதலைத் தசை மேற்கை எலும்பிலிருந்து தொடங்குவதாகவே பெரும்பாலான மாணவர்கள் படம் வரைகிறார்கள். அதன் இரண்டு தலைகளுமே தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு, மேற்கை எலும்பில் எங்கும் ஒட்டாமல் கடந்து, முன்கையின் பெருவிரல் பக்கத்து எலும்பான ஆர எலும்பில் போய் முடிவதை இங்கே விரலால் தொட்டுப் பின்தொடர முடிகிறது. அதைக் கழற்றினால் அடியில் பிரேக்கியாலிஸ் என்னும் அகன்ற தசை தெரியும். முழங்கையை மடக்குவதில் பெரும்பங்கு இதனுடையது என்பதையும், உள்ளங்கையோடு சேர்ந்து திரும்பாத சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னாவில் இது ஒட்டியிருப்பதால் உள்ளங்கை எப்பக்கம் திரும்பியிருந்தாலும் ஒரே மாதிரி இழுக்கிறது என்பதையும் சொன்னபோது வகுப்பில் எழுந்த வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருதலைத் தசையோ ஆர எலும்பையே பிடித்திருப்பதால், கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. வலக்கையால் திருகாணியை முடுக்கும்போது அத்தசை திரண்டு எழுவதை மாணவர்கள் தங்கள் கையிலேயே தடவிப் பார்த்தார்கள்.

இருதலைத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் ஒட்டும் இடம் சரியான தொலைவில் அமைந்திருப்பது எனக்கு மிகவும் மனநிறைவளித்தது. முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில் தசை இழுக்கிறது. உள்ளங்கையில் இருக்கும் பொருளோ மூட்டிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே 1 கிலோ எடையைத் தாங்கிப் பிடிக்க, முன்கையின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காமலே, தசை 7 கிலோவுக்கு ஈடான விசையைத் தர வேண்டியிருக்கிறது. இந்த இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது வேகம்: தசை சிறிதளவு சுருங்கினாலே கை நெடுந்தொலைவு நகர்ந்துவிடுகிறது. அளவுகோலை மாதிரியின்மேல் வைத்தே இக்கணக்கைப் போட முடிந்தது.

முன்கையும் குறை சொல்ல முடியாதபடி அமைந்திருக்கிறது. விரல் எலும்புகளை அசைக்கும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு நாண்களால் இழுக்கின்றன என்பதை, மணிக்கட்டைக் கடந்து செல்லும் வெண்ணிற நாண்கள் சொல்லாமலே சொல்லிவிடுகின்றன.

ஆனால் மாதிரி அசைவதில்லை. முழங்கை ஒரே கோணத்தில் இறுகி நிற்கிறது. தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது, அதனால்தான் மடக்குவதற்கு ஒன்றும் நீட்டுவதற்கு ஒன்றும் எனத் தசைகள் எதிரெதிராக அமைந்துள்ளன என்ற அடிப்படைச் செய்தியை இதைக் காட்டி விளக்க முடியவில்லை. இரண்டு மரப்பட்டிகளைக் கீலால் இணைத்து, முன்னும் பின்னும் கயிறு கட்டி நாங்களே ஒன்று செய்துகொண்டோம். ரப்பர் பட்டையை வேண்டுமென்றே தவிர்த்தேன்: இழுத்துவிட்ட ரப்பர் தானாகவே சுருங்கும், தசையோ நரம்பின் கட்டளை வந்தால்தான் சுருங்கும். எடையை மெல்லக் கீழே இறக்கும்போது வேலை செய்வது, மேற்கையின் பின்பக்கத்திலிருந்து கையை நீட்டும் முத்தலைத் தசை என்று நினைத்திருந்த மாணவர்களுக்கு, முன்பக்கக் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் காட்டிய பிறகே, மடக்கும் தசைகள்தாம் நீண்டுகொண்டே எடையைத் தாங்குகின்றன என்பது விளங்கியது.

தசை சுருங்கும்போது அதனுள்ளே இருக்கும் நுண்ணிய புரத இழைகளான ஆக்டின் இழைகளும் மயோசின் இழைகளும் ஒன்றையொன்று சறுக்கிக் கடப்பதை இத்தகைய மாதிரியிடம் எதிர்பார்க்கக் கூடாது; அதற்குத் தனி வரைபடம் வேண்டும்.

தயாரிப்புத் தரத்தில் இரண்டு குறைகள் உண்டு. தசைகளை மாட்டும் முளைகள் மெலிந்தவை. தோளை மூடும் டெல்டாய்டு தசையின் முளை நான்காம் மாதத்திலேயே முறிந்தது. மாற்று முளை கேட்டு விற்பனையாளருக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வராததால், மூங்கில் குச்சியைச் சீவி ஒட்டியிருக்கிறோம். உடன் வரும் கையேட்டில் எண்களுக்கு நேரே ஆங்கில, இலத்தீன் பெயர்கள் மட்டுமே இருப்பதால், தமிழ்வழி மாணவர்களுக்காக நானே ஒரு பட்டியல் எழுதி மாதிரியின் பீடத்தில் ஒட்டினேன்.

மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களுக்கும் இயன்முறை மருத்துவம் பயில்வோருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போதே கூடுதல் முளைகளைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள பள்ளிகளுக்கு இந்தச் செலவு தேவையில்லை. மரப்பட்டியும் கயிறும் போதும்.