சோரியாசிஸ்: களிம்பா, கஷாயமா, கேரளா போய்த் தங்குவதா?

தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் தொற்றாது. அடியோடு போகவும் போகாது. அடங்கும், மறுபடி கிளம்பும். இதை ஒத்துக்கொண்ட பிறகுதான் எந்த வைத்தியம் என்று பேச முடியும். காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு மூன்று வழி: தோல் டாக்டர், உள்ளூர் ஆயுர்வேத வைத்தியர், கேரளாவில் தங்கிப் பஞ்சகர்மா (நெய், எண்ணெய், பேதி என்று உடம்பைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத முறை). சித்த மருத்துவமும் உண்டு, அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது, வெட்பாலைத் தைலத்துக்கு நல்ல பெயர். நான் அதைப் பார்த்ததில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். இப்போது கஷாயம்தான் குடிக்கிறேன், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

வேகம் வேண்டுமென்றால் தோல் டாக்டர்தான், அதில் பேச்சே இல்லை. க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் செதில் சீக்கிரமே அடங்கிவிடும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், சட்டென்று நிறுத்தினால் பழையபடி கிளம்பும். டாக்டர் இத்தனை நாள் என்று எழுதித்தான் கொடுக்கிறார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பது நாம்தான். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியும் கடையில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. புறஊதா ஒளிச் சிகிச்சை நல்லதுதான், ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டும். மதுரை வரை யார் அலைவது? எது எப்படியோ, வந்திருப்பது சோரியாசிஸ்தானா படர்தாமரையா என்பதை மட்டும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு தடவினால் அது இன்னும் பரவும்.

கேரளா வைத்தியத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தது மட்டும்தான். எங்கள் பெரியம்மா மகன் போய்வந்தார். நாள்கணக்கில் நெய் குடிக்கக் கொடுத்து, பிறகு பேதிக்குக் கொடுத்து, மருந்து மோரைத் தலையில் தாரையாக ஊற்றினார்களாம். திரும்பி வந்தபோது முழங்கையில் செதிலே இல்லை. ஆனால் அங்கே வேளாவேளைக்குக் கஞ்சியும் பாசிப்பயறும் வைத்தவர்கள் இங்கே கூட வரவில்லையே! தீபாவளிப் பலகாரம் முடிந்தது, செதில் திரும்பியது. ஒருவரை வைத்து நான் முடிவு கட்டக்கூடாதுதான்.

ஆக, எதைத் தேர்ந்தாலும் கேள்வி ஒன்றுதான்: வீட்டுக்கு வந்த பிறகு தினமும் யார் நடத்துவது?

கஷாயம் பெரிய பாடு இல்லை. எனக்குக் கொடுத்தது ஆரக்வதாதி, சரக்கொன்றை சேர்ந்தது. சூரணமாக வாங்கினால் 48 கிராமுக்கு 16 பங்கு தண்ணீர் ஊற்றி எட்டில் ஒன்றாக வற்ற வைக்க வேண்டும், வீடே கசக்கும். பாட்டிலில் வருவது சுலபம்: 15 மில்லியை வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் காலையும் மாலையும். 200 மில்லி பாட்டில் ஒரு வாரத்துக்குக்கூட வராது, அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள். மகாதிக்தக நெய், அதாவது கசப்பு மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருந்து நெய், அதைவிடக் கசப்பு. எண்ணெய் தேய்த்துவிட்டு முற்றத்தைச் சுற்றி நடந்தால் ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வழுக்கும். அந்தக் கல்லுக்கு எண்ணெய் பட்டால் பளபளப்புதான் என்று அப்பத்தா சந்தோஷப்பட்டார்.

பாடு பத்தியத்தில்தான். சரக சம்ஹிதை தோல் நோய்க்குக் காரணமென்று சொல்பவற்றில் தயிர், மீன், மிஞ்சிய உப்பு புளிப்பு, உளுந்து, மாவுப் பண்டம், எள், வெல்லம் எல்லாம் வருகின்றன. செட்டிநாட்டுப் பலகாரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம் மூன்றிலும் உளுந்து. அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் மண்டிக்குப் புளி. இட்லியே போகிறதே, காலையில் என்ன சாப்பிடுவது? நான் பாசிப்பருப்புக் கஞ்சி, புழுங்கலரிசிச் சோறு, மிளகு ரசம், புடலை, பீர்க்கு என்று மாறிக்கொண்டேன். புளியை வைத்தியர் முழுக்க விடச் சொல்லவில்லை, குறைக்கத்தான் சொன்னார். வீட்டில் அடுப்பு என் கையில் இருப்பதால் இது நடக்கிறது. மெஸ்ஸில் சாப்பிடும் ஆளுக்கும், மாமியார் சமையலைத் தட்ட முடியாத புது மருமகளுக்கும் இதே பத்தியத்தைச் சொன்னால் பத்து நாள் தாங்காது. கல்யாண வீடு வேறு! "ஒரு கரண்டி மீன் குழம்பு என்ன செஞ்சுரும், சாப்பிடுத்தா" என்று இலையில் ஊற்றியே விடுவார்கள். வெளிச் சாப்பாடு அதிகம் என்றால் தோல் டாக்டரிடமே இருங்கள். அங்கே இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது, குடியையும் புகையையும் விடச் சொல்வார்கள், உடம்பு பருமன் என்றால் எடையைக் குறைக்கச் சொல்வார்கள்.

எனக்குக் குறைந்திருப்பது நிஜம். காலில் தழும்பு நிறம்தான் இருக்கிறது, தலையில் மட்டும் மார்கழியில் கொஞ்சம் உதிர்கிறது. ஆனால் குறைத்தது கஷாயமா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். பத்தியத்தில் எடையும் இறங்கியது. எடை இறங்கினாலே சோரியாசிஸ் தணியும் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள்.

சீட்டு ஒட்டாத பொட்டலச் சூரணம், பெயர் சொல்லாத "செந்தூரம்" (உலோகத்தைப் புடம் போட்டுச் செய்யும் சிவப்புப் பொடி) பக்கம் மட்டும் போகாதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. தயாரித்த கம்பெனி, சேர்மானம், உரிம எண் மூன்றும் பாட்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சோரியாசிஸுக்குத் தோல் டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மருந்து எடுப்பவர்கள் கஷாயம் தொடங்குமுன் அந்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டையும் ஈரல்தான் தாங்க வேண்டும். காலையில் விரல் மூட்டு வீங்கி விறைத்துக்கொண்டால் அது மூட்டுக்கு இறங்கிய சோரியாசிஸாக இருக்கலாம். அதற்குக் கஷாயத்தை நம்பி நாள் கடத்தாமல் நேரே டாக்டரிடம் போங்கள். தேய்ந்துபோன மூட்டு திரும்பாது.